சிரட்டைக் கரியும் கரியமில வாயுவும்

(உரைநடை: அறிவியல் தமிழ்)

நுழையும்முன்

மாணவர்களே, ஹெப்பகோடியில் பெரும்பாலான வீடுகளில் குடிநீர் வடிகட்டி ஒன்று இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரித் தண்ணீரையும் அப்படியே பருகுவோர் இங்குக் குறைவு. அக்கருவியினுள் குழாய் வடிவக் கூடுகள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றனைக் கழற்றி அசைத்தால் மணல் குலுங்குவது போன்ற ஓசை எழும். அதன் உள்ளே இருப்பவை கரிய குறுமணிகள். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி. நீரிலுள்ள குளோரின் நாற்றத்தையும் வேறு சில மாசுகளையும் அக்கரி பிடித்து வைத்துக்கொள்கிறது.

நீரைத் தூய்மையாக்கும் அதே கரியைக் கொண்டு ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவையும் பிடிக்க இயலுமா? இயலும். எனினும் வெறுங்கரியால் அது நன்கு இயலாது; கரிக்கு ஒரு வேதிப் பக்குவம் தேவைப்படுகிறது. அப்பக்குவம் யாது, அதன் பயன் எவ்வளவு என்பதே இப்பாடம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தேங்காயின் கடினமான ஓட்டுக்குத் தமிழில் பெயர்கள் பல. தென்மாவட்டத்தார் ‘சிரட்டை’ என்பர். சென்னைப் பக்கத்தார் ‘கொட்டாங்குச்சி’ என்பர். கொங்கு நாட்டில் அது ‘தொட்டி’; அங்குச் சிரட்டைக் கரியைத் ‘தொட்டிக்கரி’ என்றே வணிகர் குறிப்பிடுவர். இங்குள்ள கன்னட நண்பர்களிடம் கேட்டால் ‘சிப்பு’ என்பார்கள். நம் ‘சிப்பி’ உங்கள் நினைவுக்கு வருமாயின் மகிழ்ச்சியே.

‘கரி’ என்னும் சொல்லை இடையின ரகரம் இட்டு எழுத வேண்டும். வல்லின றகரம் இட்டால் அது குழம்புக்குரிய ‘கறி’ ஆகிவிடும். பெங்களூரில் வளரும் பிள்ளைகளின் ஏடுகளில் நான் மிகுதியாகத் திருத்தும் சொற்களுள் இவை இரண்டும் அடங்கும். ‘கரி’க்கு யானை என்ற பொருளும், பழந்தமிழில் சான்று என்ற பொருளும் உண்டு.

கார்பன் டை ஆக்சைடைத் தமிழில் ‘கரியமில வாயு’ என்கிறோம். இப்பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கரி + அமிலம் + வாயு. கரி எரியும்போது பிறப்பது, நீரில் கரைந்தால் அமிலத் தன்மை காட்டுவது, வாயு வடிவினது. மூன்று செய்திகள் ஒரு பெயருக்குள் அடங்கியுள்ளன. அவற்றுள் நடுவில் நிற்கும் ‘அமிலம்’ என்பதை மறவாதீர்கள். இவ்வாயுவைப் பிடிக்கும் வழி அச்சொல்லிலேயே இருக்கிறது. அமிலத்தை ஈர்ப்பது காரம் அன்றோ?

வாயுவைப் பிடிக்க வேண்டியது ஏன்?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு இடைவிடாத அளவீடு தொடங்கியபோது அது 315 பங்கு. 2023ஆம் ஆண்டின் சராசரி 421 பங்கு. பூமியின் வெப்பம் இவ்வாயுவால் உயர்வதை அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

அளவைப் பற்றி மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிபொருள் உள்ளது. அது முழுதும் எரிந்து முடியும்போது ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயு வெளிப்படும். எரிபொருளின் எடையைவிட வாயுவின் எடை எவ்வாறு மிகுந்தது? எரியும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் வாயு உண்டாகும். இவ்விரு எண்களையும் நினைவில் வையுங்கள். பாடத்தின் பிற்பகுதியில் அவை நம்மைச் சற்றுச் சங்கடப்படுத்தும்.

கரியின் உள்ளே

சிரட்டையைக் காற்றுக் குறைந்த குழியிலோ உருளையிலோ இட்டுச் சுட்டால் அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரியாக எஞ்சும். மற்றவை புகையாகவும் தாராகவும் வெளியேறும். இக்கரியை மீண்டும் 900 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்கி, அதன்மேல் நீராவியைச் செலுத்துவர். நீராவி கரியின் சிறு பகுதிகளை அரித்துக்கொண்டே உட்செல்லும். அரித்த இடமெல்லாம் நுண்துளைகள் ஆகும். இவ்வாறு பக்குவப்பட்ட கரியே ‘கிளர்வூட்டிய கரி’.

நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராம் எடுத்து, அதன் துளைகளின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கும். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. எனவே ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஏழு கபடிக் களங்களுக்கு மேல் மடிந்து கிடக்கின்றன. சிரட்டை அடர்ந்த பொருள் ஆதலின், அதன் கரியில் துளைகள் மிகவும் நுண்ணியனவாக அமைகின்றன. பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைந்த அகலம் உடையவை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஒரு நானோமீட்டர். கரியமில வாயு மூலக்கூற்றின் குறுக்களவு ஏறத்தாழ 0.33 நானோமீட்டர். மூலக்கூறு நுழையவும் துளைச் சுவரில் ஒட்டி நிற்கவும் ஏற்ற அளவு இது.

ஒட்டி நிற்றலை ‘உறிஞ்சுதல்’ என்று எழுதிவிடாதீர்கள். சாம்பாரில் ஊறிய இட்லி சாம்பாரை உள்ளிழுத்துக்கொள்கிறது, அது உட்கவர்தல். கரியின் செயல் வேறு. வாயு அதன் பரப்பின்மேல் மட்டுமே தங்குகிறது. இதைப் ‘பரப்புக் கவர்தல்’ என்கிறோம். வீட்டுச் சுவரில் பல்லி பசையின்றி ஒட்டி நிற்கிறதே, அதற்குக் காரணமான ‘வான் டெர் வால்ஸ்’ விசையே இங்கும் பணிபுரிகிறது. பல்லி வேண்டும்போது காலை எடுத்துவிடுகிறது அல்லவா? மூலக்கூறும் அவ்வாறே எளிதில் பிரிந்துவிடும்.

கரியின் இப்பண்பு புதிதாகக் கண்டது அன்று. சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1773ஆம் ஆண்டிலேயே கரி வாயுக்களை ஏற்பதை அளந்தார். முதல் உலகப் போரில் நச்சு வாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் சிரட்டைக் கரி நிரப்பப்பட்டது. நம் சமையலறைக் கழிவு படைவீரரின் மூச்சைக் காத்த வரலாறு அது.

புகையின்முன் வெறுங்கரி

அறை வெப்பநிலையில், தூய கரியமில வாயுவின் நடுவே வைத்தால், நல்ல கரி ஒரு கிராம் 0.1 முதல் 0.2 கிராம் வரை வாயுவைப் பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில் இது நன்று. ஆனால் ஆலைப் புகைபோக்கியில் நிலைமை வேறு. நிலக்கரி எரிந்த புகையில் கரியமில வாயு நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான். மிகுதி பெரும்பாலும் நைட்ரஜன். கூடவே நீராவியும் கந்தகத்தின் ஆக்சைடுகளும் இருக்கும். புகை சூடாகவும் வரும். சூடு ஏற ஏற மூலக்கூறுகள் துள்ளி எழுந்து சுவரைவிட்டு விலகும். நீராவியோ தானே முந்திக்கொண்டு துளைகளில் அமரும். திருவிழாக் கூட்டத்தில் தம் ஊரார் நால்வரை மட்டும் தேடிப் பிடிப்பது போன்ற வேலை இது. பல்லியின் பிடி இதற்குப் போதாது.

இங்குத்தான் ‘அமிலம்’ என்ற சொல் உதவிக்கு வருகிறது. கரியின் பரப்பைக் காரத் தன்மை உடையதாக மாற்றிவிட்டால், அமில வாயு தானே தேடிவந்து பற்றும். நைட்ரஜன் பற்றாமல் கடந்துபோகும்.

இதற்கு வழிகள் சில உள. சூடான கரியின்மேல் அம்மோனியா வாயுவைச் செலுத்தி, நைட்ரஜன் அணுக்களைக் கரியின் பரப்பில் பதிக்கலாம். கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து 700 முதல் 800 பாகை வரை சூடாக்கினால் நுண்துளைகள் மிகுதியாகப் பெருகும். பொட்டாசியம் கார்பனேட்டை ஊறவைத்த கரியாயின், வாயுவும் ஈரமும் சேர்ந்து அதனைப் பொட்டாசியம் பைகார்பனேட்டாக மாற்றும். புகையில் நமக்கு இடையூறாக இருந்த ஈரமே இங்குத் துணையாகிறது. மற்றொன்று, அமீன் என்னும் சேர்மங்களில் கரியை ஊறவைப்பது. அமீன்கள் அம்மோனியாவின் உறவினர். காரத் தன்மை உடையவை. இவற்றுள் சில அழுகிய மீனின் நாற்றம் வீசும். பெயருக்குள்ளேயே ‘மீன்’ அமைந்தது தற்செயலே!

அமீனை மெத்தனால் போன்ற கரைப்பானில் கரைத்து, அதில் கரியை ஊறவைத்து, பின் உலர்த்துவர். கரைப்பான் ஆவியாகிவிடும்; அமீன் துளைச் சுவரில் மெல்லிய பூச்சாகத் தங்கும். கேட்பதற்கு எளிது. ஆயினும் அளவே இங்குப் பெருஞ்சிக்கல். பூச்சுக் குறைந்தால் பிடிக்கும் ஆற்றல் குறைவு. மிகுந்தாலோ துளைகளே அடைபடும். தேனடையின் அறைகளை எல்லாம் மெழுகால் நிரப்பிவிட்டால் தேனுக்கு இடம் ஏது? ஏழு கபடிக் களங்களைத் தந்த துளைகள் அடைபட்டபின், கரியைத் தேர்ந்ததற்கே பொருள் இல்லாது போகும். பரப்பை இழக்காமல் காரத்தைச் சேர்ப்பது எவ்வாறு என்பதே இத்துறை ஆய்வாளர் பலரின் உழைப்பு.

தூத்துக்குடியில் நடந்தது

அமீனைக் கொண்டு ஆலைப் புகையிலிருந்து வாயுவைப் பிடித்த முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அங்கே அமீன் கரியில் அன்று, நீர்மமாகவே பயன்பட்டது. தூத்துக்குடி உப்பளங்களின் நகரம் என்பதை அறிவீர்கள். அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் என்னும் ஆலை, உப்பு, அம்மோனியா, கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு சலவைச் சோடா தயாரிக்கிறது. ஆலையின் கொதிகலனோ நிலக்கரியால் எரிவது. அதன் புகையில் இருக்கும் வாயுவையே பிரித்தெடுத்துச் சோடா ஆக்கினால் என்ன?

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இருவர் 2009ஆம் ஆண்டு தொடங்கிய ‘கார்பன் க்ளீன் சொல்யூஷன்ஸ்’ நிறுவனம் அதற்கான கரைசலை உருவாக்கியது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பதே இலக்கு என்றும், அரசு மானியம் இன்றியே இது நடைபெறுகிறது என்றும் 2017 தொடக்கத்தில் உலக நாளேடுகள் எழுதின.

மானியம் இல்லாமல் எவ்வாறு இயன்றது? வாயு அந்த ஆலைக்குக் கழிவு அன்று, மூலப்பொருள். வாங்க வேண்டிய பொருள் சொந்தப் புகைபோக்கியிலேயே கிடைத்தது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் வகுப்பறையில் ஒரு வினாவை மறைக்கக் கூடாது. சலவைச் சோடாவைக் கண்ணாடி செய்யும் உலையில் இட்டால், அதிலிருந்த கரியமில வாயு மீண்டும் வெளியேறிவிடும். அடுமனையில் மாவை உப்பச் செய்யும் சமையல் சோடாவும் அதையே செய்கிறது. அப்படியாயின் பிடித்த வாயு எங்கே போயிற்று? சில மாதங்கள் தங்கியிருந்துவிட்டுக் காற்றுக்கே திரும்பிற்று. சோடாவுக்கெனத் தனியே வாயு உண்டாக்குவது தவிர்க்கப்பட்டது. அந்த அளவுக்கு நன்மை மெய்யானது. ‘பிடித்தல்’ வேறு, ‘வைத்திருத்தல்’ வேறு என்பதை மட்டும் பிரித்தறிய வேண்டும்.

வைத்திருப்பதற்கு ஒரு வழியை ஐஸ்லாந்து நாட்டில் காணலாம். அங்கு 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஓர்கா’ நிலையம் அமீன் சேர்த்த திண்ம வடிகட்டியால் திறந்த காற்றிலிருந்தே வாயுவைப் பிடிக்கிறது. பின் அதனை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகின்றனர். அங்கு அது கல்லாகவே மாறுகிறது. அதன் வடிவமைப்புத் திறன் ஆண்டுக்கு 4,000 டன். தூத்துக்குடியின் இலக்கைவிட மிகச் சிறிது. எனினும் கல் ஆனது எளிதில் திரும்பாது.

கரி ஏன் வேண்டும்?

கரைசலே பிடிக்கிறதே, கரி எதற்கு என்று நீங்கள் வினவலாம். வழக்கமான அமீன் கரைசலில் நூற்றுக்கு 70 பங்கு நீர்தான். பிடித்த வாயுவை விடுவிக்க அக்கரைசலை ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடாக்க வேண்டும். அமீனைச் சூடாக்குவதற்காக அதனுடன் கூடிய நீர் முழுவதையும் சூடாக்குகிறோம். ஒரு குவளைத் தேநீருக்காக அண்டா நிறைய நீரைக் கொதிக்க வைப்பது போன்றது அது. அந்த வெப்பத்திற்கு மீண்டும் நிலக்கரியே எரிகிறது. அமீனைக் கரியின் சுவரில் பூசிவிட்டால் அந்த நீர் வேண்டியதில்லை, வெப்பம் மிச்சமாகும். கரைசல் குழாய்களை அரிப்பதும் குறையும். கரி வழியின் நம்பிக்கை முழுதும் இதில்தான் இருக்கிறது.

இனி அந்தச் சங்கடமான கணக்கு. ஒரு கிலோ கரியை எரித்தால் 44-ஐ 12-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 3.67 கிலோ வாயு வெளிப்படும். அதே ஒரு கிலோ கரி ஒரு முறையில் பிடிப்பதோ, நல்ல நிலையில் 0.1 முதல் 0.2 கிலோ மட்டுமே. உங்கள் வீட்டு உருளை ஒன்றின் 42 கிலோ வாயுவை ஒரே முறையில் பிடிக்க 200 முதல் 400 கிலோ வரை கரி வேண்டும்! எனவே ஒரு முறை பயன்படுத்தி எறியும் கரியால் பயனில்லை. பிடித்தல், சூடாக்கி விடுவித்தல், ஆறவைத்தல், மீண்டும் பிடித்தல் எனப் பல்லாயிரம் முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் அமீன் சிறிது ஆவியாகும். சிறிது ஆக்சிஜனால் கெடும். எத்தனை சுழற்சிக்குப் பின்னும் ஆற்றல் குன்றாத கரி எது என்பதே, ஒரு முறையில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிட முதன்மையான வினா. செய்தித்தாளில் புதிய கரியைப் பற்றிய செய்தியைக் கண்டால் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

கரியைச் சுடும் இடத்தையும் பார்க்க வேண்டும். காங்கேயம் வட்டாரத்தில் தொட்டிக்கரிச் சூளைகள் பல. கரியைத் தணிக்க ஊற்றும் நீரும் தாரும் நிலத்தில் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுப்பதாக உழவர்கள் முறையிட்டதுண்டு. திறந்த குழியில் சுட்டால் புகையும் சூழும். ஓரிடத்துப் புகையைப் பிடிக்க மற்றோரிடத்துக் கிணற்றைக் கெடுப்பது எவ்வகையிலும் முறையன்று. மூடிய உலையில் சுட்டு, வெளிப்படும் வாயுவை அவ்வுலைக்கே எரிபொருளாக்கும் முறைகள் இன்று உள்ளன. செலவு மிகுதி என்பதாலேயே பலர் தயங்குகின்றனர்.

நம் நாட்டின் பிற முயற்சிகள் இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளன. சாம்செட்பூர் டாட்டா எஃகு ஆலையில் 2021ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் நிலையமும், மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் நிலையமும் அமைந்தன. 1,000 மெகாவாட் திறனுள்ள நிலக்கரி மின்நிலையம் முழு அளவில் ஓடினால் ஒரே நாளில் 20,000 டன்னுக்கு மேல் வாயுவை வெளியிடும். விந்தியாசலத்தின் திறனோ 4,760 மெகாவாட்.

நம் நகரிலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. பெங்களூரின் வடபுறம் ஜக்கூரில் உள்ள ஜவாகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆய்வுக்கான தேசிய மையங்களுள் ஒன்றாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஹெப்பகோடியிலிருந்து நகரின் மறுகோடி அது. அங்கு ஒரு திறந்த நாள் அறிவிக்கப்பட்டால் சென்று காண்பதற்கு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சொற்பொருள்

சிரட்டை – தேங்காய் ஓடு
கிளர்வூட்டிய கரி – நுண்துளைகள் பெருகுமாறு பக்குவம் செய்த கரி
பரப்புக் கவர்தல் – ஒரு பொருள் மற்றொன்றின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டித் தங்குதல்
காரம் – அமிலத்துடன் வினைபுரிந்து அதன் தன்மையை மாற்றுவது (இங்கு உறைப்புச் சுவை அன்று)

பயிற்சி

1. பிரித்து எழுதுக: கரியமிலம், தொட்டிக்கரி, நுண்துளை.

2. ‘கரி’, ‘கறி’ ஆகிய இரண்டும் ஒரே தொடரில் வருமாறு ஒரு தொடர் அமைக்க.

3. உட்கவர்தல், பரப்புக் கவர்தல் ஆகியவற்றுக்கு, பாடத்தில் இல்லாத எடுத்துக்காட்டு ஒவ்வொன்று உங்கள் வீட்டிலிருந்து தருக.

4. அமீன் பூச்சு மிகுந்தால் கரியின் ஆற்றல் குறைவது ஏன்? உங்கள் சொந்தத் தொடர்களில் எழுதுக.

5. ஒரு கிலோ கரி, ஒரு சுழற்சிக்கு 0.1 கிலோ வாயுவைப் பிடிக்கிறது எனக் கொள்க. அக்கரியை எரித்திருந்தால் வெளிப்படும் 3.67 கிலோ அளவுக்கு ஈடாகப் பிடிக்க எத்தனை சுழற்சிகள் தேவை?

6. “தூத்துக்குடி ஆலை காற்றிலிருந்த வாயுவை நிலையாக நீக்கியது.” இக்கூற்றை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? காரணம் காட்டி ஒரு பத்தி எழுதுக.

7. தேங்காய் ஓட்டை உங்கள் பாட்டி, தாத்தா என்ன பெயரால் அழைக்கின்றனர் என்று தொலைபேசியில் கேட்டு, அவர்களின் ஊர்ப் பெயருடன் எழுதி வருக. அவற்றைத் தொகுத்து வகுப்பறைச் சுவரில் ஒரு வரைபடம் அமைப்போம்.